பழியைக் கடவுளிடம் விட்டாச்சு, அப்புறம் என்ன செய்வது? – பாகப்பிரிவினை, வரப்புச் சண்டை அனுபவங்கள்

சபை மூப்பர், திருநெல்வேலிப் பக்கம்

சபையில் சமாதானம் பேச வருகிற வழக்குகள் பெரும்பாலும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, இல்லாவிட்டால் வரப்பு. வந்தவர்களிடம் ரோமர் 12:19-ஐ வாசித்து, "பழிவாங்குதல் கர்த்தருக்குரியது, விட்டுடுங்க" என்று ஜெபம் பண்ணி அனுப்பிவிடுகிறோம். இது அரைகுறை வேலை. வீடு திரும்புகிற வழியில் வேலிக்கல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் வசனம் மறந்துபோகும். விடுவது என்றால் கையால் என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பவேண்டும்.

அதற்கு வேதாகமத்தின் 1 சாமுவேல் 24, 25, 26 மூன்று அதிகாரங்களையும் தொடர்ச்சியாக வாசிக்கக் கொடுங்கள். 24-இல், தாவீதைக் கொல்ல 3000 பேரோடு தேடிவந்த சவுல் ராஜா எங்கேதிக் குகையில் தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக இருக்கிறான். கூட இருந்தவர்கள், "கர்த்தர் சொன்ன நாள் இதுதான்" என்று ஏற்றிவிடுகிறார்கள். நம் ஊரிலும் ஏற்றிவிடுகிறவர்கள் சாமி பெயரைச் சொல்லித்தான் ஏற்றிவிடுவார்கள். தாவீது சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொள்கிறான், அதற்கே அவன் மனம் அடித்துக்கொள்கிறது. 26-இல் தூங்குகிற சவுலின் தலைமாட்டிலிருந்து ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு, வெகு தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டு பேசுகிறான். ஆளைத் தொடவில்லை. ஆனால் அத்தாட்சி கையில் இருக்கிறது, நடுவில் இடைவெளியும் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 25-ஐத்தான் அதிகம் பேசவேண்டும். ராஜாவையே தப்பவிட்டவன், 3000 ஆடும் 1000 வெள்ளாடும் வைத்திருந்த நாபால் சாப்பாடு தராமல், "தாவீது என்பவன் யார்?" என்று கேட்டதற்காக 400 பேரைப் பட்டயம் கட்டச் சொல்லிவிட்டான். பெரிய துரோகத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்காததற்காக வெட்டுக்கத்தி எடுப்பது இந்த இடத்தில்தான். சொத்தை விட்டுக்கொடுக்க முடிகிறது, அவமானத்தை முடிவதில்லை. சமாதானம் பேசப் போகிறவர்கள் முதலில் "அவர் என்ன சொல்லித் திட்டினார்?" என்று கேளுங்கள். சென்ட் கணக்கு அப்புறம்.

நாபாலின் மனைவி அபிகாயில் செய்ததை வரிசையாகப் பாருங்கள். செய்தி வந்த உடனே தாவீதைச் சந்திக்கக் கிளம்புகிறாள். 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, ஐந்து படி வறுத்த பயறு, 100 வற்றல் திராட்சக்குலை, 200 அத்திப்பழ அடை. பசியோடும் ரோஷத்தோடும் வருகிறவனிடம் முதலில் போய்ச் சேர்வது சாப்பாடு. கழுதையிலிருந்து இறங்கிப் பேசுகிறாள். புருஷன் செய்தது நியாயம் என்று ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. நாளைக்கு நீர் அதிபதியாகும்போது இந்த ரத்தம் உம் மனதை உறுத்தக்கூடாது என்பதே அவள் பேச்சின் சாரம். இன்னொன்று: அன்று இரவு நாபால் குடித்திருந்தான், அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. பொழுது விடிந்து வெறி தெளிந்த பிறகுதான் சொன்னாள். ராத்திரி பஞ்சாயத்து பேசுகிறவர்கள் இந்த ஒரு வசனத்தையாவது கடைப்பிடிக்கலாம்.

சிவில் வழக்கறிஞர்

"விசுவாசி கேஸ் போட்டால் அது பழிவாங்குவது ஆகாதா?" என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். ரோமர் 12:19-ஐ வாசித்த கையோடு 13:4-ஐயும் வாசியுங்கள். தீமை செய்தவனைத் தண்டிக்கிற அதிகாரத்தை அங்கே தேவ ஊழியக்காரன் என்கிறார் பவுல். பழியை விட்டவர் பாகத்தையும் விட்டாகவேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, வேதமும் சொல்லவில்லை.

கவனிக்கவேண்டியது மனுவில் என்ன கேட்கிறோம் என்பது. உங்கள் பாகத்தைக் கேளுங்கள். அடிதடி நடந்திருந்தால் அன்றைக்கே புகார் கொடுத்து போலீஸில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள். ஊரில் இல்லாத மகன், வெளிநாட்டில் இருக்கிற மருமகன் பெயரையெல்லாம் "சேர்த்து எழுதுங்க, அலையட்டும்" என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வார். பழி உள்ளே நுழைகிற வாசல் அதுதான். சம்பவ நாளில் அவர் ஊரிலேயே இல்லை என்று நிரூபணம் ஆனால், உண்மையாக அடித்தவன் மீதான புகாரும் பலவீனமாகும்.

வழக்குக்கு முன்பே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. கோர்ட்டில் இருக்கிற வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும். அப்பீல் இல்லை என்பதால் நான்கெல்லை, சர்வே எண், பாதை, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை எல்லாவற்றையும் சமரசத்திலேயே எழுதிவிடுங்கள். கிணற்று முறையை எழுதாமல் விட்ட சமரசம் அடுத்த கோடையிலேயே மறுபடி சண்டையாகும்.

சிவகங்கைச் சீமைக்காரர்

எங்கள் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோவிலில் காசு வெட்டிப் போடுவார்கள். ஏமாற்றியவனை ஆத்தாளே கேட்கட்டும் என்று நாணயத்தை வெட்டிவிட்டு வந்துவிடுவது. ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவதும் இதே மாதிரிதான். வெளியூர்க்காரர்கள் இதைச் சாபம் என்கிறார்கள். வெட்டிவிட்டு வந்தபிறகு நாம் கை வைக்கக்கூடாது என்பதுதான் இதில் பெரிய விஷயம். அம்மனிடம் ஒப்படைத்த வழக்கை நடுவில் நாமே எடுத்து நடத்தினால் ஒப்படைத்ததற்கு அர்த்தமே இல்லை. காசு வெட்டிவிட்டு வந்து, எதிராளி வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று தினமும் விசாரிப்பவர்களையும் பார்க்கலாம். அவர்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை.

ஓய்வுபெற்ற சர்வேயர்

வரப்பு என்றால் நிலத்தை அளப்பதற்கு முன்னால் யாரையும் சபிக்காதீர்கள். புலப்படத்தை (நிலத்தின் எல்லை அளவுகள் வரைந்த சர்வே படத்தை) வாங்கிப் பாருங்கள். பழைய படங்களில் அளவு சங்கிலி, லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் என்றால் 66 அடி. அதை மீட்டர் என்றோ அடி என்றோ நினைத்துக்கொண்டு "அரை சென்ட் போச்சு" என்று கத்துகிறவர்கள் உண்டு. பணம் கட்டி அளக்க மனுப் போடுங்கள், பக்கத்துப் பட்டாதாரரும் கூட நிற்கட்டும். சண்டைக்குக் காரணமான கல்லிலிருந்து அளவைத் தொடங்கினால் தப்பு அப்படியே தொடரும். தள்ளி இருக்கிற, இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற கல்லிலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். கல்லை நீங்களாகப் பிடுங்கி நடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும்.

குடும்ப நல ஆலோசகர்

மூப்பர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். 1 சாமுவேல் 24-இன் கடைசியில் சவுல் அழுகிறான், "என் குமாரனே" என்கிறான். தாவீது ஆணையிட்டுக் கொடுக்கிறான், ஆனால் அவனோடு வீட்டுக்குப் போகவில்லை, அரணான இடத்துக்கு ஏறிப்போய்விடுகிறான். அடிக்கிற புருஷனை மன்னித்த பெண்ணை அன்றைக்கே அந்த வீட்டுக்குள் அனுப்பிவைக்கிற பெரியவர்கள் இந்த வசனத்தைத் தயவுசெய்து வாசிக்கவேண்டும். மன்னிப்பது மனதில் நடக்கட்டும். தங்குவது அம்மா வீட்டில் இருக்கலாம், விடுதியில் இருக்கலாம். அவசரத்துக்கு 181, பெண்கள் உதவி எண்.

சபை மூப்பர், திருநெல்வேலிப் பக்கம்

சகோதரி சொன்னது முற்றிலும் சரி. ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு 109-ஆம் சங்கீதம். எவ்வளவு கசப்பாக வேண்டுமானாலும் தேவனிடம் பேசலாம் என்பதற்கு அது சாட்சி. அங்கே கொட்டிவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டவேண்டி வராது. பகலில் யாத்திராகமம் 23:4. சத்துருவின் மாடு தப்பிப்போவதைக் கண்டால் அவனிடமே கொண்டுபோய் விடச் சொல்கிறது. எதிர்வீட்டு மாடு உங்கள் வயலில் இறங்கியிருந்தால் கட்டிவைத்துப் பேரம் பேசாதீர்கள். ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் தொழுவத்தில் கட்டிவிட்டு வாருங்கள். பேசத் தோன்றவில்லை என்றால் பேசவேண்டாம், மாட்டை விட்டால் போதும்.