நிக்கோ மாலன் அரங்கில் முதலில் ஏறியது எது?

கேள்வி (டர்பன்): கேப் டவுனில் நிக்கோ மாலன் அரங்கை இப்போது ஆர்ட்ஸ்கேப் என்கிறார்களே, அது ‘அயிடா’ ஆபராவோடு (இசை நாடகம்) திறந்தது என்று தாத்தா சொல்வார். சரிதானா?

பதில்: இல்லை தம்பி. ‘அயிடா’தான் திட்டம். முதன்மைப் பாடகிக்கு உடம்பு முடியாமல் போகவே, 1971 மே 19 அன்று ‘சில்வியா’ பாலேயோடுதான் திரை விலகியது.

பதில்: யாருக்கு விலகியது என்பதையும் எழுதுங்கள் அண்ணா. வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். 1975இல்தான் எல்லோரையும் விட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கள் அப்பா அந்தப் படியை மிதிக்கவில்லை. நான் முதன்முதலாகப் போனபோது அம்மாவின் பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். விளக்கு அணைந்தபோது முந்தானையை இறுகப் பிடித்திருந்தேன்.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா. அப்படியானால் தாத்தா எங்கே கேள்விப்பட்டார் என்று இன்றே விசாரிக்கிறேன்.