மாடு பெண்ணுடையது, குறி மட்டும் ஆணின் பெயரில்?

வெள்ளவத்தைக்காரி:
2026 ஐ.நா.வின் சர்வதேச மேய்ச்சல் நிலங்கள், மேய்ப்பர்கள் ஆண்டு. மட்டக்களப்புச் சித்தாண்டியில் என் அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்தவை மாடுகள். பாலை மோந்து பார்த்தே மாடு எந்தப் பக்கம் மேய்ந்தது என்று சொல்லுவார். ஆனால் மாடு யாருடையது என்று காட்ட அதன் உடலில் சுடும் குறி தாத்தாவின் பெயரில். மேய்ச்சல் தரைக் கூட்டம் எதற்கும் அம்மம்மாவைக் கூப்பிட்டதில்லை. இப்போதாவது மாறியிருக்கிறதா?

மட்டுநகர் மருமகன்:
கொஞ்சம்தான் அக்கா. பெரும்போக விதைப்பு தொடங்கினால் வயற்பக்கம் மாடு நிற்க முடியாது, மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்குத்தான் போகவேண்டும். அந்தத் தரைக்காக 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டத்தில் பெண்களும் வந்து இருந்தார்கள். பேச்சுவார்த்தை மேசையிலும் அவர்கள் இருக்கவேண்டும். எங்கள் மாமி கன்று ஈனும் கணக்கையெல்லாம் ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அதைவிட நல்ல ஆவணம் யாரிடம் இருக்கிறது?

தெஹிவளை வாசகி:
தான்சானியாவில் லோலியொண்டோ பகுதியில் மாடு மேய்க்கும் மாசாய் இனப் பெண்கள் 1997இலேயே தங்களுக்கென்று அமைப்பு தொடங்கிவிட்டார்கள். நிலத்திலும் மாட்டிலும் தங்களுக்கும் உரிமை வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

வெள்ளவத்தைக்காரி:
சரி தம்பி, மாமியிடம் கேட்டு அந்தக் கொப்பியில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், குறியை அவர் பெயருக்கு மாற்றுவது எப்படி என்றும் விசாரியுங்கள்.