பழ ஈ முள்மயிர்த் தேர்வு: சராசரி ஏறாமல் நின்றுவிட்டது

கேள்வி:
டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈயில் வயிற்று முள்மயிர்களைக் கூட்டும் தேர்வு. தலைமுறைக்கு ஆண் 100, பெண் 100 எண்ணி, அதிக மயிருள்ள 20 ஜோடியைப் பெற்றோராக விடுகிறோம். வளர்ப்பு 25 டிகிரி செல்சியஸில். தொடக்கத்தில் நன்றாக ஏறிய சராசரி இப்போது அசையவில்லை. மரபணு மாறுபாடு தீர்ந்துவிட்டதா? 10 ஜோடியாகக் குறைத்துத் தேர்வை இறுக்கலாமா?

மறுமொழி 1:
இறுக்காதீர்கள். மரபியலாளர் ராபர்ட்சன் 1960-இல் காட்டிய கணக்குப்படி, மொத்த ஏற்றத்தின் உச்சவரம்பு முதல் தலைமுறை ஏற்றத்தைப் போல 2Ne மடங்கு (Ne என்பது பயனுறு இனத்தொகை அளவு). பெற்றோரைப் பாதியாக்கினால் Ne-யும் சரியும். நல்ல அலீல்கள் (மரபணுவின் மாற்று வடிவங்கள்) தற்செயலாகவே தொலையும்.

முதலில் வரிசையை (தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கும் ஈக்கூட்டத்தை) இரண்டு கிளையாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் பெற்றோரை எண்ணிப் பார்க்காமல் எடுங்கள், மற்றதில் குறைந்த மயிருள்ளவற்றை எடுங்கள். ஐந்தாறு தலைமுறை போதும். இரண்டும் அசையாவிட்டால்தான் மாறுபாடு தீர்ந்ததாகக் கொள்ளலாம். தேர்வை விட்ட கிளையே மளமளவென்று இறங்கினால், இயற்கைத் தேர்வு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மேதரும் ஹாரிசனும் 1949-இல் வெளியிட்ட சோதனையில் இதுதான் நடந்தது: மலட்டுத்தன்மை மிஞ்சியதால் தேர்வை நிறுத்தினார்கள், மயிர் எண்ணிக்கை சரிந்தது.

மறுமொழி 2:
கொல்லி மரபணுவையும் சந்தேகியுங்கள். ஒரு பிரதி இருந்தால் மயிர் கூடும், இரண்டு பிரதி வந்தால் ஈ சாகும். நீங்கள் பொறுக்குவதெல்லாம் ஒரு பிரதிக்காரர்களாக இருந்தால், அந்த மரபணு எத்தனை தலைமுறை போனாலும் எல்லா ஈக்களிலும் இரு பிரதியாக நிலைபெறாது. யூ என்ற ஆய்வாளர் 90 தலைமுறை அளவுக்கு நடத்திய வரிசைகளில் (1980) இத்தகைய கொல்லிகள் பல கிடைத்தன. முட்டைகளை எண்ணி வைத்து, எத்தனை ஈ வெளிவருகிறது என்று பாருங்கள்.

மறுமொழி 3:
அதற்கும் முன்னால் வளர்ப்பைச் சரிபாருங்கள். குப்பியில் புழு நெருக்கினால் உடல் சிறுக்கும், மயிரும் குறையும். உண்மையான ஏற்றம் அதில் மறைந்துபோகும். குப்பிக்கு 50 முட்டை என்று வரையறுங்கள். தேர்வில்லாத ஒப்பீட்டு வரிசையை அதே நாளில், அதே உணவு ஊடகத்தில் வளர்க்காமல் எந்தச் சராசரியையும் நம்ப முடியாது. எண்ணும் தட்டும் மாறக்கூடாது: அடிவயிற்றின் கடைசி மயிர்த்தட்டு, பெண்ணில் வயிற்றின் 6-ஆம் கண்டம் (வளையப் பகுதி), ஆணில் 5-ஆம் கண்டம்.

கேட்டவர்:
நன்றி. கன்னிப் பெண் ஈக்களைக் காலையில் ஒரே தடவைதான் பிரிக்கிறோம். போதுமா?

மறுமொழி 3:
போதாது. 25 டிகிரியில் வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டும். இரவில் 18 டிகிரியில் வைத்தால் 16 மணி நேரம் வரை தாங்கும். வெளிறிய உடலில் வயிற்றோரம் கரும்புள்ளி தெரிந்தால் அது புதிது, தைரியமாக எடுக்கலாம். ஆனால் அப்போதே மயிர் எண்ணாதீர்கள். மூன்று நாள் ஆண், பெண் தனித்தனியாக வைத்து, உடல் நிறம் ஏறியபின் மல்லாத்தி எண்ணுங்கள். கார்பன் டை ஆக்சைடில் நெடுநேரம் கிடத்தினால் இனப்பெருக்கத் திறன் அடிபடும். சிறு தொகுதிகளாக எடுங்கள்.