வக்கீல் அம்மா கேட்ட முதல் கேள்வி

சட்டப்படி கல்யாணம் செய்ய முடியாத, சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் என்ன பாதுகாப்பு செய்துகொள்ளலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் என் இணையான அவளும் மதுரையில் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். போன வருடம் அவளுக்கு அவசர ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் என் கையெழுத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். சேலத்திலிருந்து அவள் அண்ணன் வரும்வரை நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் தேறியதும் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனோம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்ததும், 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியானதும் தெரியும். இருந்தாலும் ஒரு நப்பாசை.

"கல்யாணமாப் பதிய முடியாதும்மா. அதை விடுங்க. வீடு யார் பேர்ல இருக்கு?" என்றுதான் ஆரம்பித்தார்.

அவள் பெயரில். தவணை இருவரும் கட்டுகிறோம். உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அவளுடைய அப்பா அம்மாவுக்குப் போகும் என்றார். அன்றைக்கே எழுத முடிவு செய்தோம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சி வேண்டும், நான் சாட்சியாக இல்லாமலிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் கைகொடுக்கும் என்று பதியச் சொன்னார்.

வரைவில் 'என் தோழி' என்று இருந்தது. அவள் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 'என்னோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும்' என்று மேலே எழுதினாள். வக்கீல் அம்மா படித்துப் பார்த்து, "இதுவே இருக்கட்டும்" என்றார். எதிர்வீட்டு சாரும் அவர் மனைவியும்தான் சாட்சிகள்.

அப்புறம் வங்கி. கூட்டுக் கணக்குக்கோ இணையரை நாமினியாகப் போடவோ தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட்டில் தெளிவுபடுத்தியதை அச்செடுத்துக்கொண்டு போனோம், வேலை முடிந்தது. ஆனால் நாமினி என்றால் வாரிசு ஆகிவிடாது. உயில் தனியாக வேண்டும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி மனநலச் சிகிச்சை முடிவுகளில் நமக்குத் துணைநிற்க நாம் நம்பும் யாரையும் வெறும் தாளில் எழுதி நியமிக்கலாம். அதையும் செய்துவிட்டோம். மற்ற சிகிச்சைகளுக்கு எழுதிய அதிகாரக் கடிதத்தை ஆஸ்பத்திரி ஏற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று வக்கீலே சொன்னார். இன்னும் என் மனதை அறுப்பது இதுதான்.

வீட்டில் அடைத்துவைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் ஆட்கொணர்வு மனு (அடைத்துவைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் மனு) பற்றி வக்கீலிடம் கேளுங்கள். அப்படி அடைபட்ட ஒரு பெண்ணை 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் அதில் சொன்னது.

எங்கள் உயிலின் அசல் வக்கீல் அம்மாவிடம் இருக்கிறது. நகல் எதிர்வீட்டு சார் பீரோவில்.