மறு: ஃபார்ம் ஃபேக்டருக்கு தமிழ்ச்சொல் (வளைய எலக்ட்ரான் இழைலேர்ந்து)

எல்லாருக்கும் வணக்கம்,

எலக்ட்ரான் ஒரு சின்ன வளையம்னு சொல்ற மாடலப் பத்திப் பேசின இழைல, நம்ம சொற்பட்டியலுக்கு ரெண்டு இயற்பியல் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தாங்க. எலாஸ்டிக் ஸ்கேட்டரிங்குக்கு (துகள்கள் மோதி, உள்ள எதுவும் மாறாம திசை திரும்புறது) மீட்சிச் சிதறல்னே வச்சிக்கலாம், அதுல யாருக்கும் மறுப்பு இருக்கிற மாதிரி தெரியல. இழுபறி ஃபார்ம் ஃபேக்டர்லதான், அதாவது துகளோட மின்னூட்டம் பரவியிருக்கிறதால சிதறல் எவ்வளவு மாறும்னு சொல்ற எண்.

வடிவக் காரணின்னு மேல ஒருத்தர் எழுதியிருந்தார். ஏசி கரண்ட்லயும் ஒரு ஃபார்ம் ஃபேக்டர் இருக்கே, சைன் அலைக்கு 1.11னு வருமே, அதையும் வடிவக் காரணின்னுதான் எழுதுவோம், அப்புறம் ரெண்டும் ஒண்ணுன்னு படிக்கிறவங்க நினைச்சுப்பாங்க. உருக்காரணி சின்னதா நல்லாதான் இருக்கு, ஆனா படிக்கிறப்ப உருக்குன்னு கண்ணு நின்னுடுது.

என் பரிந்துரை பரவல் காரணி. மின்னூட்டம் எவ்வளவு இடத்துல பரவியிருக்கோ அதைத்தான் இந்தக் காரணி சொல்லுது. பரவலே இல்லாத புள்ளின்னா எந்த உந்தப் பரிமாற்றத்துலயும் (மோதல்ல கைமாறுற உந்தம்) மதிப்பு 1, பரவியிருந்தா பரிமாற்றம் கூடக்கூட 1லேர்ந்து கீழ இறங்கும். டிஃப்யூஷனையும் பரவல்னு சொல்றோம், அதோட மோதும்னு ஒரு ஆட்சேபம் வந்துச்சு, அதுக்கு விரவல்னு ஒரு சொல் இருக்கே, அது போதும்.

இப்ப இழைல வந்த மாடலையே இந்தச் சொல்ல வச்சுப் பாருங்க. எலக்ட்ரான்ங்கிறது சுமார் 193 ஃபெம்டோமீட்டர் (ஒரு மீட்டர்ல ஆயிரம் லட்சம் கோடில ஒரு பங்கு ஒரு ஃபெம்டோமீட்டர்) ஆரம் உள்ள மின்னூட்ட வளையம்னு அந்த மாடலப் போட்டவர் சொல்றார். வளையம் எல்லாத் திசையிலயும் திரும்பி நிக்கும்னு சராசரி போட்டா பரவல் காரணி சைன் எக்ஸ் வகுத்தல் எக்ஸ்னு வருது, எக்ஸ்ங்கிறது உந்தப் பரிமாற்றத்த ஆரத்தால பெருக்கி ஹெச்-பாரால (பிளாங்க் மாறிலிய 2πயால வகுத்தது) வகுத்தது. ஒளிவேகத்தால பெருக்கின உந்தப் பரிமாற்றம் 1 மெகா எலக்ட்ரான்வோல்ட்னா (கீழ வர்ற உந்த எண்களுக்கும் இதே அலகுதான்) காரணி சுமார் 0.85, சிதறல் அளவுல அதோட வர்க்கம் வரும்ங்கிறதால புள்ளிக்கு வரவேண்டியதுல 72 சதவீதம்தான் மிஞ்சும். 3.2க்குப் போனா பூஜ்யம். கார்பன் மாதிரி லேசான கருவுல பட்டு 60 டிகிரி திரும்புற எலக்ட்ரானுக்கு உந்தப் பரிமாற்றமும் அதோட உந்தமும் ஒரே அளவு, அப்ப 3.2 உந்தத்துல வர்ற எலக்ட்ரான் அந்தக் கோணத்துல ஒண்ணுகூட வரக்கூடாது! 1950கள்ல இயற்பியலாளர் ஹாஃப்ஸ்டாட்டர் இதவிடப் பல மடங்கு அதிக ஆற்றல்ல எலக்ட்ரான புள்ளின்னு வச்சுத்தான் ப்ரோட்டானோட அளவ எடுத்தார், சுமார் 0.8 ஃபெம்டோமீட்டர். எலக்ட்ரான் அதவிட 200 மடங்குக்கு மேல பெருசா இருந்திருந்தா, எலக்ட்ரானோட காரணியும் ப்ரோட்டானோட காரணியும் பெருக்கல்ல வர்றதால ப்ரோட்டானப் பத்தி எதுவுமே தெரிஞ்சிருக்காது.

ஒண்ணு கவனிக்கணும், அளந்த சிதறல ஒப்பிடுறப்ப, ஸ்பின்ன (எலக்ட்ரானுக்கு இயல்பாவே உள்ள சுழற்சிப் பண்பு) கணக்குல எடுக்காத ரூதர்ஃபோர்ட் சூத்திரத்தோட ஒப்பிடாதீங்க. இயற்பியலாளர் மாட் (Mott) 1929ல கொடுத்த சூத்திரத்துல பின்பக்கக் கோணங்கள்ல சிதறல் தானாவே குறையும், அது ஸ்பின் பண்ற வேலை, அளவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அந்தக் குறைவப் பார்த்துட்டு வளையம் இருக்குன்னு முடிவு கட்டுனா தப்பாயிடும். இதுக்காகவே சொற்பட்டியல்ல பரவல் காரணிக்குப் பக்கத்துல "இதோட வர்க்கத்த மாட் சூத்திரத்தோட பெருக்கணும்"னு ஒரு வரி கண்டிப்பா வேணும்.

வேகத்துல வளையம் சுருங்கிடும்னு மாடல்காரர் பதில் சொல்றார். சுருங்கட்டும், எவ்வளவு சுருங்கும்னு பரவல் காரணியா எழுதி அனுப்பட்டும், உந்தப் பரிமாற்றம் 1லேர்ந்து 5 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரைக்கும் இருந்தாலே போதும், மிச்சத்த நாம போட்டுப் பாத்துக்கலாம். சொல் மேல வேற ஆட்சேபம் இருந்தா இந்த இழைலயே எழுதுங்க.