ஓவாஹு தீவில் சைவக்காரர் சாப்பிட ஹவாய்ச் சாப்பாடும் குலோலோ இனிப்பும் எங்கே?

அம்மாவோடு ஹொனலுலுவில், வைகிக்கி பக்கம் தங்கியிருக்கிறோம். அவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இந்த ஊர் மக்களின் சாப்பாட்டை ஒரு வேளையாவது உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை. ஞாயிறு இரவு விமானம்.

1946 முதல் நடக்கும் ஹெலனாஸ் உணவகத்துக்குப் போனோம். எனக்கு அங்கே பிபிகாவுலா (உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி) பிரமாதம். ஆனால் லாவ்லாவ் என்றால் சேம்பிலைக்குள் பன்றிக்கறி, லூவாவ் கீரையில் கணவாய். அம்மா ‘போய்’ என்ற சேம்பங்கிழங்கு மசியலும், ஹவ்பியா என்ற தேங்காய்ப்பால் இனிப்பும்தான் சாப்பிட்டார். அப்புறம் சூப்பர்மார்க்கெட்டில் பையில் அடைத்த ‘போய்’ வாங்கினோம், நீர்த்து, புளிப்பேறியிருந்தது. தண்ணீர் கலக்காமல் கல்லால் இடித்த கெட்டியான பாயாய்தான் தேடுகிறோம். மலசாதா என்ற பொரித்த இனிப்புப் பன்னில் முட்டை உண்டு என்பதால் அதற்குப் பேர்போன லெனர்ட்ஸ் பேக்கரி பக்கமே போகவில்லை.

குலோலோதான் பெரிய குறை. துருவிய சேம்பு, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. அம்மாவுக்குத் தடையான எதுவும் அதில் இல்லை. ஒரு கடையில் பார்த்தோம்: அல்வா மாதிரி மினுமினுப்பு, வெட்டிய ஓரத்தில் லேசான ஊதா. கடைசித் துண்டை முன்னால் நின்றவர் வாங்கிவிட்டார். மற்ற இடங்களில் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

கையில் கார் இருக்கிறது, தீவின் மறுபக்கத்து வையாஹோலே வரை போகத் தயார். சனிக்கிழமை காலை கேசிசி (கபியோலானி சமுதாயக் கல்லூரி) உழவர் சந்தைக்கும் போகலாம்.

கையால் இடித்த பாயாயும் அன்றைக்குச் செய்த குலோலோவும் சனிக்கிழமைக்குள் நிச்சயமாகக் கிடைக்க, எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்?