சேர்வராயன் மலையில் மரத்தை மட்கவைக்கும் பூஞ்சைகள்: ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

காட்டுக்கட்டை:
வணக்கம். சேலத்தில் முதுகலைத் தாவரவியல் முடித்து இப்போது பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். ஏற்காட்டுச் சோலைகளிலும் காபித் தோட்டங்களிலும் விழுந்து கிடக்கும் மரங்களில் வளரும் பூஞ்சைகள்தான் தலைப்பு. காளான்களைச் சேகரித்து, பெயர் கண்டுபிடித்து, பட்டியல் போடலாம் என்றிருந்தேன். கைடு, "பட்டியல் சரி, கேள்வி எங்கே?" என்கிறார். எந்தக் கேள்வியை எடுப்பது? எந்தப் பருவத்தில் மலைக்குப் போவது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைஅழுகல்:
கைடு கேட்பது நியாயம். வெளியே தெரியும் காளான், வித்து தூவத் தலை நீட்டும் உறுப்பு மட்டுமே. உள்ளே இழையாகப் பரவி மரத்தைத் தின்னும் பல இனங்கள் அந்தச் சமயத்தில் வெளியே தெரியவே தெரியாது. அதனால் முதலில் கட்டையைக் கவனியுங்கள் தம்பி. என்ன மரம், எவ்வளவு பருமன், தரையைத் தொட்டுக் கிடக்கிறதா, பேனாக்கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எல்லாம் எழுதுங்கள். கீறும்போது வெளுத்து நார் நாராகப் பிரிந்தால் வெள்ளை அழுகல், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் சிதைகிறது என்று அர்த்தம். பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நசுக்கினால் பொடியானால் பழுப்பு அழுகல். அதில் நார்ப்பொருளான செல்லுலோஸ் போய் லிக்னின் பெரும்பாலும் மிஞ்சும். இந்த இரண்டாவது வகை ஊசியிலை மரங்களில்தான் அதிகம், ஏற்காட்டின் அகன்ற இலை மரங்களில் உங்களுக்குப் பெரும்பாலும் முதல் வகைதான் கிடைக்கும்.

காபிக்கு நிழல்மரமாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் ஒரு பக்கம், சோலையின் நாட்டு மரம் இன்னொரு பக்கம், மலை ஒன்றுதான். இரண்டையும் ஒரே பூஞ்சைகளா மட்கவைக்கின்றன? நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

மலைத்தோட்டம்:
நான் ஆராய்ச்சி செய்பவன் இல்லை தம்பி, ஏற்காட்டில் காபி போட்டிருக்கிறேன். நிழல்மரத்தை வெட்டினால் அடிக்கட்டையும் வேரும் மண்ணில் தங்கிவிடும். அதில் குடியேறும் வேரழுகல் பூஞ்சை, வேர் வழியாகவே பக்கத்துக் காபிச் செடிக்குத் தாவும். இலை மஞ்சளித்து வாடிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் மண்ணும் சிறுகல்லும் பழுப்பாக அப்பியிருக்கும், தண்ணீரில் அலசினாலும் எளிதில் போகாது. அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே பட்டையை வளையமாக உரித்து மரத்தைக் காயவிடுவது. இதையும் உங்கள் ஆய்வில் பார்த்தால் எங்களுக்கு உதவும். அப்புறம், எந்த மரம் எந்த வருஷம் விழுந்தது என்று தோட்டத்து ஆட்களைக் கேளுங்கள், கட்டையின் வயது அவர்களுக்குத்தான் தெரியும்.

அகார்தட்டு:
மலைத்தோட்டம் ஐயா சொன்ன அந்த வயது விவரம் கிடைப்பது பெரிய விஷயம், விட்டுவிடாதீர்கள். பருவத்தைப் பொறுத்தவரை மழையிலும் வெயிலிலும் போக வேண்டும்: மரக்காது மாதிரி ஜெல்லிக் காளான்கள் ஈரத்தில்தான் விரியும், கேனோடெர்மா போன்ற கெட்டிக் காளான்கள் காய்ந்த மாதங்களிலும் நிற்கும். காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் கவரில் வேர்த்து அன்றைக்கே கெட ஆரம்பிக்கும். அடிப்பக்கத் துளைகளைப் படமெடுத்து, ஊர் திரும்பியதும் மிதமான சூட்டில் உலர்த்துங்கள். உள்ளிருக்கும் பூஞ்சைக்கு, மேல்தோலைச் சீவிவிட்டு, தீயில் காட்டிய உளியால் சிறு சில்லு எடுத்து, பூஞ்சை வளர்க்கும் ஊடகமான மால்ட் அகாரில் வையுங்கள். பெயருக்கு டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். என்ற பகுதி பல இனங்களுக்குப் போதும், 2012 முதல் பூஞ்சைகளை இனங்காணும் முதன்மை பார்கோடு அதுதான். ஆனால் டி.என்.ஏ. இருப்பதாலேயே அந்த இனம்தான் மரத்தை மட்கவைக்கிறது என்று எழுதிவிடாதீர்கள், அதற்கு மரத்துண்டில் வளர்த்து எடைக்குறைவு பார்க்க வேண்டும். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி தாமதமாகும், இன்றே விண்ணப்பியுங்கள்.

காட்டுக்கட்டை:
எல்லாருக்கும் நன்றி. சில்வர் ஓக்கும் சோலை மரமும் என்றே கைடிடம் சொல்கிறேன். மலைத்தோட்டம் ஐயா, வெட்டிய வருஷம் தெரிந்த அடிக்கட்டைகள் உங்கள் தோட்டத்தில் இருந்தால், வந்து பார்க்கலாமா?